ஊருக்குப் போகும் வானுக்குள் சாப்பாடு

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி யாழ்ப்பாணம் போகிற குடும்பங்கள் அநேகமாக வான் பிடித்துத்தான் போகின்றன. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, வவுனியா என்று ஏழு எட்டு மணி நேர ஓட்டம். அதற்குள் ஒரு வேளையாவது சாப்பிட்டாக வேண்டும். விமானத்தில் தந்தது செமித்திருக்காது. நேரம் மாறிய உடம்பு நடுச்சாமத்தில் பசிக்கிறது என்று சொல்லும். பின் சீற்றில் பிள்ளைகள் சிணுங்குவார்கள். கொழும்பில் இருக்கிற சித்தி விமான நிலையத்துக்கே ஒரு பை நிறைய ரோல்ஸும் இடியப்பமும் கொண்டுவந்து தந்திருப்பா. அந்தப் பையை எங்கே, எப்போது, யாரோடு திறப்பது என்பதுதான் இங்கே நான் எழுத வந்த விஷயம்.

வெளிநாட்டில் நாங்கள் ஓடுவது எங்கள் சொந்தக் கார். வேலைக்குப் போகிற வழியில் ஒரு கையால் சான்விச் சாப்பிடுவோம், சிந்தினால் சனிக்கிழமை கூட்டுவோம். ஊரில் நாங்கள் ஏறுகிற வான் இன்னொருவருடைய பிழைப்பு. பெரும்பாலும் லீசிங்கில் எடுத்தது, மாதா மாதம் தவணை கட்டவேண்டியது. எங்களை இறக்கிவிட்ட கையோடு அடுத்த ஓட்டத்துக்குப் போகவேண்டியது. எனக்கும் என் பிள்ளைகளுக்கும் நான் வைத்திருக்கும் விதிகள் எல்லாம் இந்த நினைப்பிலிருந்து வந்தவை.

முதலில் சாரதி

பல வருடங்களுக்கு முன் ஒரு தடவை இரவு ஒரு மணிக்கு விமான நிலையத்திலிருந்து வெளிக்கிட்டோம். சிலாபம் தாண்டுவதற்குள் பின்னால் லைற்றைப் போட்டு ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவிட்டோம். முன்னால் இருந்த தம்பிக்கும் ஒன்று நீட்டினோம். "வேண்டாம் அக்கா, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றார். நாங்களும் விட்டுவிட்டோம். அநுராதபுரத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோதுதான் தெரிந்தது, அவர் முதல்நாள் மத்தியானம் யாழ்ப்பாணத்தில் சாப்பிட்டுவிட்டு எங்களை ஏற்ற வெளிக்கிட்டவர். வழியில் ஒரு பணிஸும் பிளேன்ரீயும்தான். அத்தனை மணி நேரம் வெறும் வயிற்றோடு, எங்கள் ரோல்ஸ் வாசத்துக்குள் இருந்து எங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் சுடுகிறது.

அன்றிலிருந்து வானில் ஏறியதும் நான் கேட்கிற முதல் கேள்வி: "தம்பி, கடைசியா எத்தினை மணிக்குச் சாப்பிட்டனீங்கள்?" சாப்பிட்டீங்களோ என்று கேட்டால் யாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். மணியைக் கேட்டால் உண்மை வரும். ஊரில் ஒரு சாமானை நீட்டும்போது முதல் "வேண்டாம்" மரியாதைக்குச் சொல்வது என்பதும் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு கையை மடக்கிவிடுவார்கள். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் கேட்கச் சொல்லிக் கொடுங்கள். அதைவிட நல்லது, சாப்பாடு கட்டும்போதே அவருக்கென்று ஒரு பார்சல் தனியாகக் கட்டுவது. "இது உங்கட" என்று கையில் கொடுத்தால் மறுக்கமாட்டார். நாங்கள் கிள்ளிச் சாப்பிட்ட பெட்டியில் மிஞ்சியதை நீட்டுவது சரியில்லை.

கடையில் நிறுத்தினால் எங்களோடு வந்து இருக்கச் சொல்லிக் கேளுங்கள். சிலர் வருவார்கள். சிலர் தனியே இருந்து வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, முகம் கழுவி, கொஞ்சம் ஆற விரும்புவார்கள். அப்படியானால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தக் கூடாது. ஆட்களைக் கூட்டிவருகிற சாரதிக்குச் சில கடைகளில் சாப்பாடு இலவசம். இல்லாத இடத்தில் எங்கள் கணக்கோடு சேர்த்துக் கட்டுவது எங்கள் பொறுப்பு. மத்தியானச் சோறு சாப்பிட்ட பிறகு ஒரு இருபது நிமிடம் சீற்றைச் சாய்த்துக் கண் மூட நேரம் கொடுங்கள். அங்கே ஊரில் அம்மா பார்த்துக்கொண்டு இருப்பா என்பது உண்மைதான். அவ இன்னும் இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு இருக்கலாம்.

சில்லு உருளும்போது சோறு இல்லை

தண்ணீர், பிஸ்கற், வாழைப்பழம் இவ்வளவுதான் ஓடுகிற வானுக்குள் நான் அனுமதிப்பது. சோறு, குழம்பு, இடியப்பம்–சொதி, முள் உள்ள மீன், சுடச்சுடத் தேத்தண்ணி எல்லாம் நிறுத்தித்தான். யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி இப்போது நல்ல வீதி என்றாலும் மாடும் நாயும் எந்த நேரமும் குறுக்கே வரும். சாரதி பிறேக் பிடிக்கிற அந்தக் கணத்தில் பிள்ளையின் வாயில் மீன் முள் இருக்கக்கூடாது. சொதி சீற்றில் ஊற்றுப்பட்டால் தேங்காய்ப்பால் மணம் ஏசிக்குள் நாட்கணக்காக நிற்கும். அடுத்து ஏறுகிற ஆட்கள் மூக்கைச் சுளிப்பது அவருக்குத்தான் நட்டம்.

எங்கே நிறுத்துவது? சாரதி சொல்கிற இடத்தை நம்புங்கள். புத்தளம்–அநுராதபுரம் வீதியில் வில்பத்துக் காட்டை அண்டிய பகுதிகளில் யானை நடமாட்டம் உண்டு. இரவில் அங்கே வீதியோரம் நிறுத்திப் பார்சல் பிரிப்பது ஆபத்து. பழத் தோலோ மிச்சச் சோறோ வெளியே எறிவதும் அப்படித்தான்: யானையை வீதிக்கு அழைப்பதற்குச் சமம். ஊர்மனையில், வெளிச்சம் உள்ள இடத்தில், கை கழுவத் தண்ணீர் உள்ள கடையில் நிறுத்துங்கள். புத்தளத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. வவுனியா வந்தால் சைவக் கடைகள் கிடைக்கும்.

மாங்குளம் தாண்டி முறிகண்டிப் பிள்ளையாரடியில் வான் தானாகவே நிற்கும். நீங்கள் சொல்லத் தேவையில்லை. கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, பிறகு கச்சான் (நிலக்கடலை) வாங்குவது வழக்கம். 2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்தபோது, ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று களைத்துப்போய் வந்து அந்தக் கோயிலடியில் கச்சான் உடைத்தது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பிள்ளைகளுக்கு அந்தக் கச்சானை வாங்கிக் கொடுக்காமல் கடந்து போகாதீர்கள். ஒன்று மட்டும்: வறுத்த கச்சானின் கோதும் சிவப்புத் தோலும் சீற் ஓடுகிற தண்டவாளத்துக்குள் போய்விட்டால் எடுப்பது பெரும் பாடு. மடியில் ஒரு துவாயை விரித்து, கோதுக்கு ஒரு கடதாசிப் பையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மச்சமும் விரதமும்

கோழிக்கறிப் பார்சலைத் திறப்பதற்கு முன் கேளுங்கள். செவ்வாய், வெள்ளியில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சாப்பிடாதவர்கள் எங்கள் ஆட்களில் நிறையப் பேர். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மச்சம் இல்லை. ஆடி, ஆவணியில் போகிற எங்களுடைய கோடை விடுமுறையும் அதோடுதான் வந்து விழுகிறது. கந்தசஷ்டியில் ஆறு நாளும் உபவாசம் இருந்துகொண்டே வாகனம் ஓடுகிறவரும் உண்டு. சாரதி முஸ்லிம் என்றால் நோன்பு காலமா என்று பாருங்கள். நோன்பு திறக்கிற நேரம் வந்ததும் நீங்களாகவே "நிப்பாட்டுங்கோ" என்று சொன்னால் அவர் அதை மறக்கமாட்டார்.

வான் கோயிலுக்குப் போகிற நாளில் அதற்குள் மச்சம் ஏற்றவே வேண்டாம், திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். முன்கண்ணாடிக்குக் கீழே பிள்ளையாரோ முருகனோ மாதாவோ இருப்பார், பக்கத்தில் பூவும் தேசிக்காயும் இருக்கும். அந்தத் தட்டில் சாப்பாட்டுப் பெட்டியை வைக்கக்கூடாது, காலையும் நீட்டக்கூடாது.

மாமி இரவில் இறைச்சிக்கறி கட்டித் தந்தால் பைக்குள் ஒரு கரித்துண்டோ இரும்பு ஆணியோ கிடக்கலாம். பேய் பிசாசு அண்டாமல் இருக்க வைப்பது. பிள்ளைகள் அருவருத்து அதை எடுத்து எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நம்பவேண்டும் என்று இல்லை. அவ உங்களை நினைத்து வைத்தது, வீடு போகும்வரை அப்படியே இருக்கட்டும்.

எச்சில், தண்ணீர், கை

ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் இருந்தால் பிரச்சினையே இல்லை. ஒரே போத்தல் கைமாறினால் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கவேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இது வராது, புரைக்கேறும். போக முதல் வீட்டில் நாலு நாள் பழக்கினால் போதும்.

சாப்பிட்ட கையால் கதவுப் பிடியைத் தொடக்கூடாது. மற்றவருக்கு அள்ளி வைக்கவும் கூடாது. வலக்கை சாப்பிட, இடக்கை போத்தல் பிடிக்க, கதவு திறக்க. ஐந்து லீற்றர்த் தண்ணீர்க் கலன் ஒன்று பின்னால் எப்போதும் இருக்கட்டும். நின்ற பிறகு இறங்கி, வீதியோரப் புல்லில் கை கழுவுங்கள். ஓடுகிற வானின் யன்னலால் வாய் கொப்பளித்துத் துப்புவதைப் பெரியவர்களே செய்கிறார்கள். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருடைய முகத்தில்தான் அது போய் விழும்.

எதைக் கட்டுவது

பால் விட்ட கறி, தேங்காய்ச் சம்பல், முட்டை எல்லாம் வெக்கையில் சீக்கிரம் பழுதாகும். பூட்டி வெயிலில் விட்ட வான் அடுப்பு மாதிரி. இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடமுடியாது என்றால் அவற்றைக் கட்டவேண்டாம். புளிச்சாதம், வறட்டிய கறி, தண்ணீர் விடாமல் இடித்த சம்பல், பருத்தித்துறை வடை, இவைதான் பயணத்துக்கு ஏற்றவை. விமானத்தால் இறங்கிய வயிற்றுக்கு எண்ணெய்ப் பலகாரத்தை அள்ளிப் போடாதீர்கள். சத்தி வருகிற பிள்ளைக்குக் கையில் ஒரு தேசிக்காய் கொடுங்கள், மணந்துகொண்டு வரட்டும்.

இலங்கையில் 2017 செப்டெம்பரிலிருந்து சோறு சுற்றுகிற பொலித்தீன் தாளும் (லஞ்ச் சீற்) ரெஜிபோம் என்கிற நுரைப் பெட்டியும் தடை. 2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்ரிக் கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழாய் போன்றவையும் தடை. ஆகவே கடையில் கரண்டி கேட்டு நிற்காமல் வீட்டிலிருந்தே எவர்சில்வர்க் கரண்டி நாலு கொண்டுபோங்கள். வாழையிலையில் கட்டினால் இன்னும் நல்லது. அந்த இலையையும் வீதியில் எறியாமல் ஒரு பையில் சேர்த்து, இறங்குகிற வீட்டுக் குப்பையில் போடுங்கள். ஆனையிறவுக் கடலோரத்தில் காற்று வாங்க இறங்குகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற போத்தல்களைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வரும். போரில் எத்தனை பேர் உயிர் விட்ட மண் அது!

யன்னலுக்கு வெளியே

ஊருக்குள் போன பிறகு வானுக்குள் இருந்து சாப்பிடுவதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விட்டுவிடுங்கள். ரயில் கடவையில் வான் நிற்கும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் கண்ணாடிக்குள்ளே பார்ப்பார்கள், உள்ளே எங்கள் பிள்ளை சொக்லேற் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்கச் சாப்பிடக்கூடாது, நாவூறு படும் என்று அம்மம்மா சொன்னது இதைத்தான். அதற்காக யன்னலைத் திறந்து சொக்லேற்றை நீட்டவும் வேண்டாம். வாகனத்தைக் கண்டதும் பிள்ளைகள் வீதிக்கு ஓடிவரப் பழகிவிடுவார்கள். கொடுக்க விருப்பமென்றால் பள்ளிக்கூடத்துக்கோ முன்பள்ளிக்கோ போய், அங்கே ஆசிரியரிடம் கேட்டு, எல்லாப் பிள்ளைக்கும் சமமாகக் கிடைக்கும்படி கொடுங்கள்.

உறவினர் வீட்டுக்குப் போகிற நாளில் வழியில் சாப்பிடவே சாப்பிடாதீர்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று பெரியம்மா விடியவே நண்டு வாங்கப் போயிருப்பா. கொத்துரொட்டி சாப்பிட்ட வயிற்றோடு போய் நின்று "பசிக்கேல்லை பெரியம்மா" என்று சொன்னால் அவவின் முகம் வாடிவிடும். போகும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழம், முருங்கைக்காய், பனங்கட்டி என்று ஒரு பை வரும். அதை இரண்டு கையாலும் வாங்குங்கள். முடக்கால் திரும்புவதற்குள் சாரதியிடம் "நீங்களே வச்சிருங்கோ" என்று தள்ளிவிடாதீர்கள். அவர் அதே ஊர்க்காரர் என்றால் கதை இரண்டு நாளில் பெரியம்மாவிடம் போய்ச் சேரும். அவருக்கும் கொடுக்க விரும்பினால் பெரியம்மாவையே கொடுக்கச் சொல்லுங்கள், மகிழ்ச்சியாகக் கொடுப்பா.

திரும்பி விமான நிலையம் போகிற நாளில் கருவாடு ஏறும். தகரப் பேணியிலோ இறுக்கமான பிளாஸ்ரிக் வாளியிலோ போட்டு, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, அதன் மேலே செய்தித்தாள் சுற்றுங்கள். ஏற்றும் முன் சாரதிக்குச் சொல்லிவிடுங்கள், ஒளித்து ஏற்றவேண்டாம். மாம்பழத்தைக் கருவாட்டோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

இறங்கும்போது நான் கடைசி ஆளாகத்தான் இறங்குவேன். ரெலிபோன் லைற்றை அடித்து ஒவ்வொரு சீற்றுக்கும் கீழே பார்ப்பேன். பிஸ்கற் துண்டு ஒன்று கிடந்தால் விடிவதற்குள் எறும்பு பிடித்துவிடும். ஒரு சின்னத் தும்புத்தடியை என் பயணப் பையில் வைத்திருக்கிறேன். சாரதி "விடுங்கோ அக்கா, நான் கழுவுவன்" என்று சொல்வார். அதுவும் அந்த முதல் "வேண்டாம்" போன்றதுதான் என்று தெரிந்ததால், நான் கூட்டி முடித்துவிட்டே இறங்குவேன்.