பீற்றா புளொக்கர் போட்டுக்கொண்டு பயிற்சி செய்வோர் விடும் பிழைகள்

மன அழுத்தத்தில் கூடும் ஹோர்மோனான 'கோர்ட்டிசோல் கூடிப்போச்சு' என்று தானே முடிவெடுத்து, வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த புரொப்ரனலோல் என்ற பீற்றா புளொக்கர் குளிசையில் ஒன்றை எடுத்துப் போடுவதுதான் முதற் பிழை. பீற்றா புளொக்கர் மறிப்பது அட்ரினலினின் வேலையை. படபடப்பும் கைநடுக்கமும் அடங்கும், நாடி இறங்கும். கோர்ட்டிசோல் வேறு வழியால் வருவது. இந்தக் குளிசை அதைக் குறைக்காது. முட்டு வருத்தம் உள்ளவருக்குப் புரொப்ரனலோல் மூச்சையே இறுக்கிவிடும்.

கூடியிருக்கிறதா என்பதே முதலில் தெரியவேண்டும். கோர்ட்டிசோல் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடியிலும் நிற்கும். இரணைமடுக் குளக்கட்டில் வேகமாக ஓடிவிட்டு, வியர்வை காயமுன் சோதனைக்கு இரத்தம் கொடுத்தால் கூடித்தான் காட்டும். கருத்தடைக் குளிசையும் கூட்டிக் காட்டும். கோர்ட்டிசோல் அளவுமீறிக் கூடும் குஷிங் நோய்தானோ என்று சந்தேகித்தால் வைத்தியர் கேட்பது 24 மணி நேரச் சிறுநீர், நள்ளிரவு உமிழ்நீர், அல்லது இரவு 11 மணிக்கு கோர்ட்டிசோலை அடக்கும் டெக்சாமெதசோன் குளிசை 1 மி.கி. போட்டு மறுநாள் காலை 8 மணிக்கு எடுக்கும் இரத்தம். இலேசாகப் பட்டாலே கண்டிப்போவது, குந்தியிருந்து எழும்ப முடியாமல் தொடை சோர்வது, வயிற்றில் 1 செ.மீ.க்கு மேல் அகலமான ஊதாக் கோடுகள்: இவை இருந்தால் சோதிக்கலாம். வெறும் களைப்புக்கு இந்தச் செலவு வேண்டாம்.

பிறசருக்கோ இதயத்துக்கோ உண்மையிலேயே இந்தக் குளிசை போடுபவர்கள் நாடித்துடிப்பின் உச்சத்தைக் கணிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை விட்டுவிடவேண்டும். 40 வயதுக்காரருக்கு அது 180 என்று சொல்லும். குளிசை அந்த உச்சத்தை 20, 30 துடிப்புக்கு மேலும் வெட்டியிருக்கும். மணிக்கூட்டில் இலக்கத்தைத் துரத்தினால் உடம்புதான் முறியும். ஓடும்போது ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியும், பாட முடியாது என்றால் அளவு சரி. முடிக்கும்போது சடாரென நிற்காமல் 5, 10 நிமிடம் நடவுங்கள். இல்லாவிட்டால் தலை சுற்றும்.

இன்சுலினோ, சீனி குறைக்கும் கிளிபென்கிளமைட் குளிசையோ எடுக்கும் சீனி வருத்தக்காரருக்கு வன்னி வெயில் ஒரு தனிச் சிக்கல். சீனி இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் பீற்றா புளொக்கர் மறைத்துவிடும். மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். பத்து மணி வெயிலில் எந்த வியர்வை எதனால் வந்தது என்று யார் கண்டார்? தோலுக்குப் போகும் இரத்தத்தையும் இந்தக் குளிசை குறைப்பதால் சூடு வெளியேறுவதும் மந்தம். ஆகவே ஓட்டத்தை விடியற்காலைக்கு மாற்றுங்கள். தொடங்குமுன் சீனி பாருங்கள்; 90 மி.கி.க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

'குளிசையால்தான் ஓட்டம் வருதில்லை' என்று ஒரேயடியாக நிறுத்துவதுதான் ஆபத்தானது. மறிபட்டிருந்த இதயம் அட்ரினலினுக்குக் கூடுதலாகத் துள்ளும். நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். குறைப்பதென்றால் வைத்தியர் சொல்லும் அளவில், 1 முதல் 2 கிழமைக்குப் படிப்படியாக. கிளினிக் திகதிக்கு முன் குளிசை முடியும்போல இருந்தால், கடைசி அட்டை தொடங்கும்போதே கொப்பியோடு போய்விடுங்கள்.