சர்ச் ஊழியம்னா மைக் பிடிக்கிறது மட்டும் இல்லங்க
பிரசங்கம் வராது, பாட்டும் வராது, அப்புறம் நமக்கெதுக்கு ஊழியம்னு நிறைய பேர் ஒதுங்கிடறாங்க. முதல்ல உங்க கையில என்ன வேலை இருக்குன்னு பாருங்க. பைபிள்ல யோப்பா ஊர்ல இருந்த தொற்காள்ங்கிற சீஷிக்கு இருந்தது தையல், அவங்க இறந்தப்போ விதவைங்க எல்லாம் இயேசுவோட சீஷர் பேதுருகிட்ட தொற்காள் தைச்ச துணிகளைத்தான் காட்டி அழுறாங்க, பைபிள்ல அப்போஸ்தலர் 9ம் அதிகாரத்தை எடுத்து ஒருதடவை நிதானமா வாசிங்க.

அடுத்து ஜெபம். "என்னை பயன்படுத்தும் ஆண்டவரே"ன்னு சொல்லி முடிச்சதும் வாட்ஸ்அப்பை திறக்காம கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க, யாராவது ஞாபகத்துக்கு வந்தா அன்னைக்கே போன் போட்டு விசாரிங்க (நாளைக்கு பாத்துக்கலாம்னா அவ்ளோதான்).

பாஸ்டர்கிட்ட "ஏதாவது வேலை இருக்கா ஐயா"ன்னு மொட்டையா கேக்காதீங்க, சனிக்கிழமை சாயங்காலம் ஃப்ரீ, சண்டே ஸ்கூலா ஆஸ்பத்திரி விசிட்டா எதுன்னாலும் ஓகேன்னு சொல்லுங்க, அவருக்கும் ஈஸி. சேர் அடுக்க சொன்னா மூஞ்சிய தூக்கக்கூடாது, அப்போஸ்தலர் 6ல முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானையே பந்தி விசாரிக்கத்தான் (சாப்பாட்டு வேலைய கவனிக்க) தெரிஞ்செடுத்தாங்க.

வேலைய விட்டுட்டு முழுநேரமா வரணுமான்னு இப்பவே குழம்பாதீங்க, அப்போஸ்தலன் பவுலே கொரிந்து ஊர்ல கூடாரம் செஞ்சுக்கிட்டே, ஓய்வுநாள்ல யூதர்களோட ஜெபஆலயத்துல போய் பேசினவர்தான்.