மறுபடி சைக்கிள் வாங்கப் போறீங்களா?
பள்ளிக்கூடத்தோடு சைக்கிளை விட்டவர்கள் கியர் வண்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். காய்கறிக் கடைக்குப் போய்வர கியர் இல்லாத லேடிபேர்ட் மாதிரி வண்டியே தாராளம். செயின் கவர் கட்டாயம் இருக்கட்டும், சுடிதார் சிக்காது.

பழைய வண்டி என்றால் ஸ்டாண்ட் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். சக்கர வளையம் (ரிம்), பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஆடாமல் ஓட வேண்டும். லேசான கோட்டம் என்றால் கடைக்காரரே ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கிச் சரிசெய்துவிடுவார். பிரேக் கட்டை தேய்ந்திருந்தாலும் கவலையில்லை, மாற்ற அதிகம் ஆகாது. ஃபிரேமில் ஒட்டுவைத்த தடம் தெரிந்தால் மட்டும், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சீட்டை முதலில் இரண்டு காலும் தரையில் ஊன்றும் அளவுக்குத் தாழ்த்துங்கள். மிதிக்கும்போது முழங்கால் மடங்கும்தான். பயம் போனபின் உயர்த்திக்கொள்ளலாம்.