முதன்முறையாக ஹைட்ரோ டெஸ்ட் செய்பவர்களுக்கு

புதிதாக வெல்டிங் செய்த குழாயில் நீராவியையோ அமிலத்தையோ விடுவதற்கு முன், தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்ப்பதுதான் ஹைட்ரோ டெஸ்ட். காற்றைக் கொண்டு சோதித்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்று சிலர் கேட்பார்கள். காற்று சுருங்கச் சுருங்க ஆற்றலைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இணைப்பு விட்டால் வெடித்துச் சிதறும். தண்ணீர் அப்படிச் சுருங்காது. கொஞ்சம் கசிந்தாலே அழுத்தம் விழுந்துவிடும்.

1. சோதனையின் எல்லையை வரைபடத்தில் குறியுங்கள். பாதுகாப்பு வால்வு, கட்டுப்பாட்டு வால்வு, அளவுக் கருவிகளைக் கழற்றிவிட்டு, எல்லைகளில் பிளைண்ட் தகடு (குழாயை முழுவதும் அடைக்கும் தகடு) போடுங்கள். மூடிய வால்வை மட்டும் நம்பவே கூடாது. அது உள்ளுக்குள் கசிந்தால் மறுபக்கம் வேலை செய்பவருக்கு ஆபத்து. ஒவ்வொரு தகட்டிலும் எண் எழுதிய அட்டையைக் கட்டுங்கள்.

2. ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி31.3 குழாய் விதிப்படி, சோதனை அழுத்தம் வடிவமைப்பு அழுத்தத்தைப் போல் குறைந்தது 1.5 மடங்கு. வடிவமைப்பு அழுத்தம் 10 பார் (அழுத்த அலகு) என்றால் சோதனை 15 பாரில். அதிக வெப்பத்தில் இயங்கும் குழாய்க்கு இது இன்னும் கூடும். வடிவமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். 0–30 பார் அளவுள்ள, அளவுத்திருத்தச் சான்று காலாவதியாகாத, அழுத்தம் காட்டும் கேஜ்கள் இரண்டு வேண்டும்.

3. கீழிருந்து நிரப்புங்கள், உச்சியிலுள்ள வென்ட் (காற்று வெளியேறும் திறப்பு) திறந்தே இருக்கட்டும். முதலில் சீறும், பிறகு குமிழும் நீருமாகத் துப்பும். நீர் அறுபடாமல் வரும்வரை மூடாதீர்கள். பம்பை எத்தனை முறை அடித்தாலும் முள் மந்தமாகவே ஏறுகிறதா? உள்ளே காற்று இருக்கிறது. அழுத்தத்தை இறக்கிவிட்டு மீண்டும் வெளியேற்றுங்கள். இந்த ஒரு படியில் மட்டும் அவசரம் வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். எவர்சில்வர் குழாய் என்றால் குளோரைடு குறைந்த நீரே வேண்டும்.

4. சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களை விலக்கிவிட்டு, படிப்படியாக ஏற்றுங்கள். 15 பாரில் குறைந்தது 10 நிமிடம் நிறுத்திய பிறகே ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துப் பாருங்கள். பிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பில்) துளி அரும்பினால் அழுத்தத்தோடு போல்ட்டை முறுக்காதீர்கள். பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டு முறுக்குங்கள். முள் அசையாவிட்டாலும் வெல்டிங் ஈரமாக இருந்தால் அது தோல்விதான். வெயிலேறினால் முள்ளும் தானாக ஏறும். அதனால் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

5. வடிக்கும்போது முதலில் மேல் வென்ட்டைத் திறங்கள். இல்லையென்றால் வெற்றிடம் உண்டாகி, இணைந்திருக்கும் மெல்லிய தொட்டி உள்நோக்கி நசுங்கிவிடும்.

6. அறிக்கையில் கேஜ் எண், நேரம், அழுத்தம் எல்லாம் வேண்டும். இணைப்புகளை நேரில் பார்த்தவர் மட்டுமே கையெழுத்திடட்டும். பிளைண்ட் தகடுகளை அட்டை எண்ணோடு ஒப்பிட்டுக் கழற்றுங்கள். பாதுகாப்பு வால்வைத் திரும்பப் பொருத்தியதைத் தனி வரியாக எழுதி, அதற்கும் ஒருவரிடம் கையெழுத்து வாங்குங்கள்.