கூட்டமாக பைக்கில் மலை ஏறுவதற்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை

மலைக்கு பைக்கில் போகலாமா என்று குரூப்பில் யாராவது ஒரு வரி போட்டுவிட்டால் போதும், எந்த ஜாக்கெட், எந்தக் கேமரா, எங்கே தங்குவது என்று நூறு மெசேஜ் வந்து விழும். யார் முன்னால் போவது, யார் கடைசியில் வருவது, வழி பிரியும் இடத்தில் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நானும் கேட்டதில்லை. முதல்முறை நான் ஏற்பாடு செய்த பயணத்தில் ஒன்பது வண்டிகள், "எல்லாரும் சேர்ந்தே போகணும்" என்பது ஒன்றுதான் சட்டம். மலைச்சாலையே பழக்கமில்லாத நண்பன் ஒருவன் நடுவில் வந்தான். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கு ஒவ்வொரு வளைவிலும் மறைய மறைய அவன் வேகம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. சரளை கிடந்த ஒரு வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போய் ஓடைக்குள் இறங்கிவிட்டது. மணிக்கட்டில் வீக்கம், கியர் லீவர் வளைந்ததோடு பிழைத்தான். ஏன்டா இவ்வளவு வேகம் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில்: "உங்களை விட்டுட்டா எனக்கு வழி தெரியாதே."

அன்றிலிருந்து என் திட்டமெல்லாம் அந்த ஒரு பயத்தைப் போக்குவதைச் சுற்றித்தான். பின்தங்கினால் தொலைந்துவிடுவோம் என்ற நினைப்பு இருக்கும்வரை, "அவரவர் வேகத்தில் வாங்க" என்று நூறு தடவை சொன்னாலும் யாரும் கேட்க மாட்டார்கள். மெதுவாக வந்தாலும் வழி தவறாது என்பதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாடு பழையது, எளியது. வழி தெரிந்த இருவர் போதும், ஒருவர் முதலில், இன்னொருவர் கடைசியில். கடைசி ஆள் தூரத்திலிருந்தே தெரியும்படி பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டிருக்க வேண்டும், அவர் யாரையும் முந்தவே கூடாது. சாலை பிரியும் இடம் வந்தால் முன்னால் போகிறவர் கையைக் காட்டுவார், அவருக்குப் பின்னால் வருகிறவர் அங்கேயே ஓரமாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் திசை காட்டுவார். மஞ்சள் சட்டை கண்ணில் பட்ட பிறகுதான் அவர் கிளம்பி அதற்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் வேறொருவர் நிற்பார். இப்படி எல்லாருக்கும் முறை வரும், வரிசையும் தானாக மாறிக்கொண்டே இருக்கும். இடையில் எவ்வளவு இடைவெளி விழுந்தாலும் கவலை இல்லை, திரும்ப வேண்டிய இடத்தில் ஓர் ஆள் நிற்பார் என்பது உறுதி. ஆள் நிற்கவில்லை என்றால் நேராகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, புதியவரை முன்னால் போகிறவருக்கு அடுத்தபடியாக விடுவதுதான் நல்லது, ஏனென்றால் அப்போதுதான் கண்ணாடியில் அவரைப் பார்த்துப் பார்த்து வேகத்தைக் குறைக்க முடியும். ஆனால் நிற்கும் வேலையும் இரண்டாவது ஆளுக்கே என்றால் முதல் பிரிவிலேயே அவர் கழன்றுகொள்வார். அதனால் புதியவர் இருக்கும் குழுவில் நிற்கும் வேலையை மூன்றாவது ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது, நிற்கிறவரின் பொறுமை. "இவ்வளவு நேரமாச்சே, எல்லாரும் போயிருப்பாங்க" என்று ஒருவர் கிளம்பிவிட்டால் ஏற்பாடு மொத்தமும் பாழ். மழை வந்தாலும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நிற்பது வளைவுக்குள்ளே வேண்டாம், இரு பக்கமும் தெரிகிற அகலமான இடமாகப் பாருங்கள்.

ஆறேழு வண்டிக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரித்து, கால் மணி நேரம் விட்டுக் கிளப்புங்கள். பன்னிரண்டு வண்டி ஒரே சரமாகப் போனால் பின்னால் வரும் பஸ்ஸோ காரோ முந்த வழியில்லாமல் நடுவில் புகுந்து புறப்படும், எல்லாருக்கும் எரிச்சல். வீடியோவில் அழகாகத்தான் இருக்கும், சாலையில் தொல்லை.

சமவெளியில் வண்டிகள் மாறி மாறி, ஒருவர் தடத்தின் இடப்பாதியிலும் அடுத்தவர் வலப்பாதியிலுமாகப் போகலாம். நேர் முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் 2 விநாடி இடைவெளி வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி என்றால் சுமார் 33 மீட்டர். மலை தொடங்கியதும் இந்த ஒழுங்கைக் கலைத்து ஒற்றை வரிசை ஆகிவிட வேண்டும், இடைவெளியையும் இரட்டிப்பாக்க வேண்டும். வளைவில் ஒவ்வொருவருக்கும் தன் தடத்தின் முழு அகலமும் தேவைப்படும், பக்கத்துப் பாதியில் ஆள் இருந்தால் சரளையைக் கண்டு விலகக்கூட இடமிருக்காது.

முன்னால் போகிறவரின் பின்விளக்கைப் பார்த்து வளைவுக்குள் நுழையாதீர்கள், அவர் தப்பாகப் போனால் நீங்களும் அவர் பின்னாலேயே தப்பாகப் போவீர்கள். பார்க்க வேண்டியது, தூரத்தில் சாலையின் இரண்டு ஓரங்களும் ஒன்றுசேர்வதுபோலத் தெரியும் புள்ளியை. அது உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். அது விலகிப் போகத் தொடங்கினால் வளைவு விரிகிறது, மெல்ல முறுக்கலாம். பார்வை போகும் பக்கம்தான் வண்டி போகும் என்பதையும் புதியவர்களுக்குக் கிளம்பும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பயந்து பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே போவோம். கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பெரிய வண்டி இறங்கினால், அது திரும்ப மொத்தச் சாலையும் வேண்டும். ஹாரன் அடித்துப் பயனில்லை, வளைவுக்குக் கீழேயே நின்று வழிவிடுங்கள். பொதுவாக ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பார்கள், லாரிக்காரரிடம் போய் அதை வாதாடப் போகிறீர்களா என்ன.

சரி, திட்டத்துக்கு வருவோம். மலைச்சாலையில் கிலோமீட்டரை நம்பாதீர்கள். ஆல்ப்ஸ் மலையில் 2,757 மீட்டர் உயரத்துக்குப் போகும் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலையில் ஒரு பக்கம் மட்டுமே 48 கொண்டை ஊசி வளைவுகள், அங்கே 25 கிலோமீட்டர் என்பது 25 கிலோமீட்டரே இல்லை. நிற்பது, போட்டோ எடுப்பது எல்லாம் சேர்த்து மணிக்கு 30 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுகிறேன், ஆள் கூடக் கூட இன்னும் குறையும். மேப் 4 மணி நேரம் என்றால் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கிளம்புவது நல்லது. மதியத்துக்கு மேல் மலையில் மேகம் திரண்டு மழை பிடிக்கும் வாய்ப்பு அதிகம், சூரியனும் சமவெளியைவிடச் சீக்கிரமே முகட்டுக்குப் பின்னால் போய்விடும். காலையிலும் நிழல் விழும் வளைவுகளில் ஈரம் காயாமல் கிடக்கும், வெயிலில் வந்த கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

பெட்ரோல் கணக்கைக் குழுவிலேயே சின்ன டேங்க் யாருடையதோ அதை வைத்துப் போடுங்கள். 11 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்றால் 385 வரும். சின்ன கியரில் ஏறுவதற்குக் கால்வாசியைக் கழித்தால் சுமார் 290, அதனால் 200 ஓடியதுமே எல்லாரும் நிரப்பியாக வேண்டும். "எனக்கு இன்னும் பாதி இருக்கு" என்கிறவரையும் சேர்த்துத்தான். பெட்ரோல் பங்கில் தனித்தனியாக நிற்க ஆரம்பித்தால் அன்றைய நாள் பங்கிலேயே முடிந்துவிடும்.

வண்டியைப் பொறுத்தவரை என் அக்கறை பிரேக்கில்தான். டயர், செயின், கிளட்ச் கேபிள் எல்லாம் எல்லாரும் பார்ப்பார்கள், பிரேக் ஆயிலை மட்டும் மறந்துவிடுவார்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரியாக இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடு அந்த அளவைத் தொட்டு, ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். அப்போது லீவர் பஞ்சை அமுக்கியதுபோல உள்ளே போகும், வண்டி நிற்காது. ஒருமுறை எனக்கு அப்படி ஆனது. முதலில் கருகிய வாடை, அப்புறம் விரலுக்கு அடியில் அந்த வெறுமை. கியரைக் குறைத்துக் குறைத்து எப்படியோ ஓரம் கட்டினேன். இரண்டு வருடத்துக்கு மேல் ஆயில் மாற்றாதவர் மாற்றிவிட்டு வரட்டும்.

இறக்கத்துக்கு வழி, ஏறிய அதே கியரில் இறங்குவது. வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து உடனே விட்டுவிடலாம், ஆற நேரம் கிடைக்கும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்ரோலைத் தானே அளந்து பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டாலே எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் பெரும்பாலும் நின்றுவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் சும்மா ஓடுவதற்குச் செலவாகும். ஆக மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை.

குளிரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும், ஓட்டும்போது அடிக்கும் காற்று வேறு. விரல் மரத்தால் கிளட்சும் பிரேக்கும் கையில் இருக்காது, அதனால் இரண்டு ஜோடி கையுறை, ஒன்று நனைந்தால் மாற்ற. 2,500 மீட்டருக்கு மேல் போவதாக இருந்தால் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எல்லாம் உயரத்தின் வேலையாக இருக்கலாம். அப்படிப்பட்டவரைத் தனியாக விடாமல் கீழே இறக்குங்கள். 3,000 மீட்டருக்கு மேல் தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோலைக் காற்றோடு பழைய முறையில் கலக்கும் கார்புரேட்டர் வண்டி அங்கே மூச்சு வாங்கும், அது ரிப்பேர் இல்லை, காற்று மெலிந்ததால் பெட்ரோல் விகிதம் கூடிப்போகிறது.

விபத்து பற்றிப் பேசுவது அபசகுனம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள், நான் பேசிவிடுவேன். யாராவது விழுந்தால் எல்லாரும் அவரிடம் ஓடக் கூடாது. ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் வளைவைத் தாண்டிப் போய் வரும் வண்டிகளை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது விபத்து அங்கேயே நடக்கும். விழுந்தவர் மூச்சுவிடச் சிரமப்பட்டாலொழிய ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். சிக்னல் இல்லாத இடங்கள் வரும் என்பதால் மேப்பை முன்பே போனில் இறக்கி வைத்து, கடைசியாகக் கடந்த கிலோமீட்டர் கல்லைப் பின்னால் வருபவர் மனதில் வைத்துக்கொண்டே வரட்டும். உதவிக்கு ஆள் அனுப்பும்போது "அந்தப் பெரிய மரத்துக்குப் பக்கத்துல" என்று சொல்லி யாரையும் வரவழைக்க முடியாது.

திரும்பி வரும்போது, மலை இறங்கி முடிந்த இடத்திலேயே கடைசியாக ஒருமுறை எல்லாரும் நிற்க வேண்டும். அங்கிருந்து அவரவர் வழி, அங்கேயே குழு கலைந்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நேர்சாலையில் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு போவார்கள். வீடு போனதும் ஒரு மெசேஜ். மஞ்சள் சட்டைக்காரர்தான் தலையை எண்ணுவார், ஒன்று குறைந்தால் போன் போடுவார்.