நாடக நடிகரின் உருவப்படத்தைப் பார்க்கையில் செய்யக்கூடாத தவறுகள்

மேடையில் நடந்ததைத்தான் ஓவியர் அப்படியே வரைந்திருக்கிறார் என்று நம்பிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1889இல் தீட்டிய படத்தில், ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தின் லேடி மேக்பெத் வேடத்திலிருக்கும் ஆங்கில நடிகை எலன் டெர்ரி மகுடத்தை இரு கைகளாலும் தலைக்கு மேல் ஏந்தி நிற்கிறார். பொன்வண்டுச் சிறகுகள் தைத்த அந்தப் பச்சை உடை மேடையில் உடுத்தியதுதான். ஆனால் மகுடம் ஏந்தும் காட்சி நாடகத்தில் இல்லவே இல்லை; சார்ஜென்ட் கற்பனை செய்தது. இந்தப் படத்தை வைத்து டெர்ரி எப்படி நடித்தார் என்று விளக்கப் போனால் வழி தவறிவிடுவோம்.

உடையைக் கவனிக்காமல் கடந்துபோகாதீர்கள். ஆங்கில நடிகை சாரா சிடன்ஸை ஓவியர் ரெனால்ட்ஸ் 1784இல் துன்பியல் நாடகத்தின் தேவதையாக, மேகங்களுக்கிடையே அரியணையில் அமர்த்தினார். மறு ஆண்டே இன்னொரு ஓவியரான கெய்ன்ஸ்பரோ அவரை நீலக் கோடு போட்ட நாகரிக உடையும் இறகு செருகிய கறுப்புத் தொப்பியுமாக வரைந்தார். நாடகத்தின் சாயலே அதில் இல்லை. பெயர் தெரியாதவர் யாரோ சீமாட்டி என்றே நினைப்பார். எனக்கு இந்த இரண்டாவது படம்தான் துணிச்சலானதாகப் படுகிறது. நடிகையரின் ஒழுக்கத்தைச் சந்தேகித்த காலத்தில், வேடமில்லாமலே மதிப்போடு அமர்ந்திருக்கிறார் அவர்.

மூல ஓவியத்தோடு நின்றுவிடுவதும் சரியல்ல. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பிரதிகள் வழியாகத்தான் இத்தகைய படங்கள் பலரின் கைக்குப் போயின. யார் வரையச் சொன்னார்கள், யார் வாங்கினார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது, படத்தின் கம்பீரத்தைப் பார்த்துவிட்டு நடிகருக்குச் சமூகத்திலும் அதே மதிப்பு இருந்ததாக முடிவுகட்டுவது. பாரிஸின் புகழ்பெற்ற நடிகை அட்ரியென் லெகுவ்ரரை ரோமானியத் தளபதி பாம்பேயின் விதவையான கொர்னேலியாவின் வேடத்தில், கையில் அஸ்திக் கலசத்தோடு, மாட்சிமை பொங்க வரைந்தார் ஓவியர் கொய்பெல். 1730இல் லெகுவ்ரர் இறந்தபோது திருச்சபை கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய மறுத்துவிட்டது. நடிப்பைக் கைவிடுவதாக உறுதி அளிக்காத நடிகர்களுக்கு அங்கே அதுதான் நிலை. அதே ஆண்டு லண்டனில் இறந்த நடிகை ஆன் ஓல்ட்ஃபீல்டையோ அரசர்களும் பெரியோரும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஆகவே '18ஆம் நூற்றாண்டு நடிகை' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதற்கு முன், படம் எந்த ஊரில் வரையப்பட்டது என்று பாருங்கள்.