செம்மண் இறக்கத்தில் மவுன்டன் பைக்: பிரேக்கை எப்படிப் பிடிப்பது?

பங்குனி பிறக்கும்போது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து முடித்து, செம்பு நிறத்தில் கொழுந்து விட்டிருக்கும். தோட்டத்து ரோட்டில் சைக்கிள் ஓட்ட எனக்குப் பிடித்த மாதம் இது. புதிதாக வருகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டிய மாதமும் இதுதான். மழைத்தண்ணீர் அறுத்த பள்ளங்களைச் சருகு மூடிக்கொண்டிருக்கும்.

கியர் மாற்றுவது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நேரம்

பங்குனி, சித்திரையில் பிற்பகல் ஆனால் இடியோடு கொட்டும். இங்கே விடிவதே ஏழேகால் வாக்கில்தான். விடிந்ததும் கிளம்பி, பன்னிரண்டுக்குள் லயத்துப் பக்கம், அதாவது தோட்டத் தொழிலாளர் வீடுகள் பக்கம், இறங்கிவிடுங்கள். தோட்டக் காவலரிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள். தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வனக்காப்பகப் பலகை இருந்தால், வன இலாகாவிடம் அனுமதி வாங்காமல் தாண்ட வேண்டாம்.

டயர் காற்று

டயரில் அச்சடித்திருக்கும் பெரிய எண் உச்ச வரம்பு. அந்த அளவுக்கு அடித்தால் கல்லில் துள்ளும், சருகில் வழுக்கும். 70 கிலோ எடையுள்ளவர், 2.3 அங்குல டயர் என்றால் டியூப்லெஸ்ஸில் 25 பிஎஸ்ஐ, டியூப் போட்டிருந்தால் 30 என்று ஆரம்பித்துப் பாருங்கள். பம்பில் இருக்கும் முள்ளை நம்பாமல் தனியாக ஒரு டிஜிட்டல் கேஜ் வாங்குங்கள். இந்த ஒரு சாமானில் காசு பார்க்காதீர்கள்.

பிரேக்

இதைத்தான் நான் அடிபட்டுக் கற்றேன். மூன்று வருடத்துக்கு முன் ஜாலோங் பக்கம் ஒரு நீண்ட இறக்கம். பயத்தில் பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே வந்தேன். பாதி வழியில் கருகிய வாடை. அடுத்த வளைவில் லீவர் கைப்பிடியைத் தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. பதறி முன் பிரேக்கை அப்படியே இறுக்கினேன். சருகில் முன் சக்கரம் சறுக்கி, சைக்கிளோடு கால்வாயில் விழுந்தேன். பின் டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகட்டில், சூட்டால் நீலம் பாய்ந்திருந்தது. அதில் ஊற்றத் தண்ணீர் போத்தலைத் திறந்தபோது, செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரிக்கார அண்ணன் இறங்கி ஓடி வந்தார்.

"சூட்டுல தண்ணி ஊத்தாதீங்க தம்பி, தகடு வளைஞ்சிரும். விட்டு விட்டுப் புடிக்கணும். நான் எட்டு டன்ன இப்படித்தான் எறக்குறேன்."

அதுதான் விஷயம். பிரேக் பிடிக்கும்போது வேகம் சூடாக மாறுகிறது. லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வெளியேற இடைவெளியே கிடைக்காது. பிரேக் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் பழசாக இருந்தால் கொதித்துக் குமிழி விடும், லீவர் தொளதொளத்துப்போகும்.

ஆகவே வளைவுக்கு முன்னால், நேராகப் போகும்போதே, இரண்டு பிரேக்கையும் ஒரு விரலால் படிப்படியாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். குறைந்ததும் முழுசாக விடுங்கள். வளைவுக்குள் பிரேக் வேண்டாம். வண்டியை நிறுத்துவதில் முன் பிரேக்குக்குத்தான் பங்கு அதிகம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், வெடுக்கென்று மட்டும் பிடிக்காதீர்கள். அதே இறக்கத்தில் இப்போது ஆறேழு இடத்தில்தான் பிரேக் தொடுகிறேன்.

பின் டிஸ்க் 160 மில்லிமீட்டர் என்றால் 180க்கு மாற்றுவது நல்லது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடில் என் ஓட்டு மெட்டல் பேடுக்குத்தான். கொஞ்சம் கத்தும், ஆனால் ஈரச் செம்மண்ணில் சீக்கிரம் தேயாது. எண்ணெயில் மிகவும் கவனம்: ஷிமானோ கம்பெனி பிரேக்குக்கு மினரல் ஆயில். டாட் (DOT) என்ற வகை எண்ணெய் கேட்கும் பிரேக்குக்கு டாட் மட்டும். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டுப்போகும். டாட் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

உடம்பு

சீட்டைத் தாழ்த்தி, பெடல் இரண்டையும் சமமாக வைத்து எழுந்து நில்லுங்கள். இடுப்பு பின்னால் போகட்டும். கண் முன் சக்கரத்தில் வேண்டாம், பத்து மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

பிறகு சேர்த்தது: புது பேட் போட்டும் பிரேக் பிடிக்கவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பேடைப் பழக்காமல் மேட்டுக்குப் போயிருக்கிறார்கள். சமதள ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, நடை வேகம் வரை குறைத்து விடுங்கள். முழுசாக நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு பிரேக்கிலும் இருபது தடவை இப்படிச் செய்தால் பிடிமானம் ஏறுவது விரலிலேயே தெரியும். இன்னொருவருக்குச் செயின் எண்ணெய் ஸ்பிரே டிஸ்க்கில் பட்டிருந்தது. டிஸ்க்கை ஆல்கஹாலில் துடைக்கலாம், எண்ணெய் குடித்த பேடை மாற்றத்தான் வேண்டும். செயினுக்குச் சொட்டு சொட்டாக விடும் போத்தலே போதும்.